அலாரம் அடித்தும் எழவில்லையா? போனில் அலாரம் சத்தத்தை மாற்றுவது எப்படி, எதை வைப்பது நல்லது?

காலை 6 மணி ரயில். ராத்திரி படுக்கும் முன் 4:30, 4:35, 4:40, 4:45 என்று வரிசையாக நாலு அலாரம் வைத்தீர்கள். கண் விழித்தால் ஜன்னலில் வெயில். போனைப் பார்த்தால் மணி 6:20. திரையில் ‘மிஸ்டு அலாரம்’ என்று நாலு நோட்டிஃபிகேஷன் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

கும்பகர்ணன் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதற்கு முன் ஒரு விஷயம். அலாரம் அடித்தும் எழாமல் போவதற்கு எப்போதும் தூக்கம் மட்டுமே காரணம் இல்லை. நீங்கள் ஆசையாக வைத்த பாட்டின் முதல் 40 விநாடி புல்லாங்குழலாக இருந்திருக்கலாம். அந்தப் பாட்டு போனில் இருந்தே அழிந்து போயிருக்கலாம். மீட்டிங்குக்காகக் குறைத்த வால்யூமை நீங்கள் மறந்திருக்கலாம். அல்லது, அதே சத்தத்தை ரெண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, தூக்கத்திலேயே கை தானாகப் போய் அணைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் செட்டிங்ஸில் சரிசெய்ய முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்தத்தை மாற்றும் முன் வால்யூமைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் பாட்டு, வீடியோவுக்கு ஒரு வால்யூம், ரிங்டோனுக்கு ஒன்று, அலாரத்துக்கு இன்னொன்று எனத் தனித்தனியாக இருக்கிறது. பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் மாறுவது பாட்டின் வால்யூம்தான். அதனால் ‘வால்யூமை ஃபுல்லா வெச்சுட்டுத்தான் படுத்தேன்’ என்பது பல நேரம் பாதி உண்மை. பட்டனை அழுத்தியதும் திரையில் வரும் கோட்டுக்கு அருகில் இருக்கும் மூன்று புள்ளியையோ சின்ன அம்புக்குறியையோ தொட்டால் எல்லாக் கோடுகளும் விரியும். அதில் கடிகாரப் படம் போட்டிருப்பதுதான் அலாரம். அதை ஏற்றுங்கள்.

ஐபோனில் கதை வேறு. வழக்கமான அலாரம், ரிங்டோனின் வால்யூமையே பின்பற்றுகிறது. செட்டிங்ஸில் ‘சவுண்ட்ஸ் அண்ட் ஹேப்டிக்ஸ்’ பகுதிக்குப் போனால் ரிங்டோன் கோடும், அதற்குக் கீழே ‘சேஞ்ச் வித் பட்டன்ஸ்’ என்ற ஸ்விட்சும் இருக்கும். இந்த ஸ்விட்ச் ஆனில் இருந்தால், பகலில் நீங்கள் பக்கவாட்டு பட்டனால் ரிங்டோனைக் குறைக்கும்போது மறுநாள் காலை அலாரமும் சேர்ந்தே குறைகிறது. ஆஃப் செய்துவிட்டால் பட்டன் அழுத்துவது அலாரத்தைத் தொடாது. என்னைக் கேட்டால், ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடலாம்.

சைலன்ட் மோடில் போட்டால் அலாரம் அடிக்குமா? அடிக்கும், இரண்டு வகை போனிலும். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டால்? ஐபோனில் அடிக்கும். ஆண்ட்ராய்டிலும் வழக்கமாக அடிக்கும். ஆனால் அங்கே அலாரத்துக்கான அனுமதியை நாமே எடுத்துவிட வழி இருக்கிறது. எப்போதாவது அந்தப் பக்கம் போய் எதையாவது நோண்டியிருந்தால், ‘அலாரம்ஸ்’ அனுமதி ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் மாற்றுவது எப்படி?

கூகுளின் ‘க்ளாக்’ ஆப்பை எடுத்துக்கொள்வோம். வேறு பிராண்டு போன் வைத்திருப்பவர்களும் ப்ளே ஸ்டோரில் இருந்து அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆப்பைத் திறந்து, அலாரம் பகுதிக்குப் போய், குறிப்பிட்ட அலாரத்தைத் தொட்டு விரியுங்கள். மணி படத்துக்குப் பக்கத்தில் இப்போதைய சத்தத்தின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் பட்டியல் திறக்கும். போனிலேயே வரும் சத்தங்கள் ஒரு பக்கம். உங்கள் சொந்தப் பாட்டை வைக்க ‘ஆட் நியூ’ என்பதைத் தொட்டு ஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கவனிக்க: இது அந்த ஒரு அலாரத்துக்கு மட்டும்தான் மாறும். 4:30-க்கு மாற்றினால் 4:45 பழைய சத்தத்திலேயே இருக்கும். இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சத்தம், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்சுக்கு ஒரு சத்தம், அம்மாவுக்கு மாத்திரை ஞாபகப்படுத்த ஒரு சத்தம் என்று பிரித்து வைத்தால், கண்ணைத் திறக்காமலேயே எதற்கு அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

சாம்சங், ஷாவ்மி, ரியல்மி, விவோ போன்களில் அவர்களுடைய சொந்தக் கடிகார ஆப் இருக்கும். மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும். சிலதில் ‘அலாரம் சவுண்ட்’, சிலதில் ‘ரிங்டோன்’ என்று இருக்கும். வழி ஒன்றுதான்: அலாரத்தைத் தொடு, சத்தத்தின் பெயரைத் தொடு, பட்டியலுக்குள் போய் ப்ளஸ் குறியையோ போன் மெமரியில் இருந்து எடுக்கும் வசதியையோ தேடு.

பட்டியலில் உங்கள் பாட்டு வரவே மாட்டேன் என்கிறதா? ஃபைல் மேனேஜரைத் திறந்து, போனின் மெமரியில் ‘அலாரம்ஸ்’ என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரிலேயே ஒன்றை உருவாக்குங்கள். அதற்குள் உங்கள் எம்பி3 ஃபைலை காப்பி செய்து போட்டால், அதை அலாரம் சத்தம் என்றே ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். பழைய ட்ரிக்தான், இன்னமும் வேலை செய்கிறது.

க்ளாக் ஆப்பின் செட்டிங்ஸில் இன்னும் ரெண்டு விஷயம். ‘சைலன்ஸ் ஆஃப்டர்’ என்பது எத்தனை நிமிடம் அடித்துவிட்டு அலாரம் தானாக ஓய வேண்டும் என்பது. ஆரம்பத்தில் பார்த்த ‘மிஸ்டு அலாரம்’ இப்படித்தான் வருகிறது. ‘கிராஜுவலி இன்க்ரீஸ் வால்யூம்’ என்பது சத்தத்தை மெதுவாக ஏற்றுவது. லேசாகத் தூங்குபவர்களுக்கு அது வரம். ஆழ்ந்து தூங்குபவர்கள் அதை ஆஃப் செய்துவிடலாம். ஏற்கெனவே மெதுவாகத் தொடங்கும் பாட்டும் இதுவும் சேர்ந்தால், முதல் நிமிடம் உங்கள் காதுக்கு வந்தே சேராது.

ஐபோனில் எப்படி?

‘க்ளாக்’ ஆப்பில் அலாரம்ஸ் பகுதிக்குப் போய், ‘எடிட்’ தொட்டு, மாற்ற வேண்டிய அலாரத்தைத் திறந்தால் ‘சவுண்ட்’ என்று இருக்கும். ஆப்பிளின் சொந்தச் சத்தங்களோடு, உங்கள் மியூசிக் லைப்ரரியில் இருந்து எடுக்க ‘பிக் எ சாங்’ என்ற வசதியும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆடியோவையோ நீங்களே பதிவு செய்த குரலையோ இந்த இடத்தில் நேரடியாக எடுத்து வைக்க முடியாது. அதை முதலில் ரிங்டோனாக மாற்ற வேண்டும். அதற்குப் பல வருடங்களாக இருக்கும் வழி, ஆப்பிளின் இலவச ‘கேரேஜ்பேண்ட்’ ஆப். அதில் ஆடியோவைத் திறந்து, 30 விநாடிக்குள் வெட்டி, ஷேர் மெனுவில் ரிங்டோனாக ஏற்றுமதி செய்ய வேண்டும். பிறகு அது அலாரத்தின் சத்தப் பட்டியலிலும் வந்து நிற்கும். முதல் தடவை செய்யும்போது கொஞ்சம் தலை சுற்றும். 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-ல் இந்த வேலை குறைந்திருக்கிறது. ‘ஃபைல்ஸ்’ ஆப்பில் இருக்கும் சின்ன ஆடியோ ஃபைலை ஷேர் மெனு வழியாகவே ரிங்டோன் ஆக்கலாம். இத்தனை வருஷம் இதற்கு ஏன் ஆனது என்று ஆப்பிளைத்தான் கேட்க வேண்டும்.

ஐபோன் ஸ்னூஸ் என்றாலே 9 நிமிடம் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. அதுவும் ஐஓஎஸ் 26-ல் மாறிவிட்டது. ஒவ்வொரு அலாரத்துக்கும் 1 முதல் 15 நிமிடம் வரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். 2024-ல் சில ஐபோன்களில் அலாரம் ஓடியும் சத்தமே வரவில்லை என்று புகார் எழுந்தது. ஆப்பிளும் பிரச்சினையை ஒப்புக்கொண்டு, சரிசெய்து வருவதாகச் சொன்னது. அப்போது பல பயனர்கள் சந்தேகப்பட்டது, நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கைச் சத்தத்தைத் தானாகக் குறைக்கும் ‘அட்டென்ஷன் அவேர்’ என்ற வசதியை. செட்டிங்ஸில் ‘ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட்’ பகுதியில் அது இருக்கிறது. உங்கள் அலாரம் காரணமில்லாமல் அமுங்கிப் போனால் அதை ஆஃப் செய்து பார்க்கலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

வைத்த பாட்டு காலையில் காணாமல் போவது ஏன்?

சத்தத்தை மாற்றிய பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீங்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘இந்த ஃபைல் இங்கே இருக்கிறது’ என்ற முகவரியைத்தான் அலாரம் பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது. மெமரி நிறைந்துவிட்டது என்று வாட்ஸ்அப் மீடியாவை மொத்தமாக அழித்தாலோ, க்ளீனர் ஆப் ஒன்று பெரிய ஃபைல்களைத் துடைத்தாலோ, பாட்டை மெமரி கார்டுக்கு மாற்றினாலோ அந்த முகவரியில் ஆள் இருக்காது. அப்போது போன் தன் சொந்தச் சத்தத்தை அடிக்கும். உங்கள் காது எதிர்பார்க்காத, மெல்லிசான ஏதோ ஒன்று. அதனால் அலாரத்துக்கான ஃபைலைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். டவுன்லோட்ஸ் குப்பையிலோ வாட்ஸ்அப் ஃபோல்டரிலோ வேண்டாம்.

ஸ்ட்ரீமிங் பாட்டு இதைவிட மோசம். கூகுள் க்ளாக்கில் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் ஆகியவற்றை இணைத்து அலாரமாக வைக்க முடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி வைஃபை போய்விட்டால், சந்தா முடிந்துவிட்டால், லாக்-இன் கழன்றுவிட்டால்? இன்டர்வியூ அன்று காலை இந்தச் சோதனையெல்லாம் வேலைக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத மூன்றாவது காரணம், நள்ளிரவு ரீஸ்டார்ட். அப்டேட்டுக்காகவோ, தானாகவோ போன் ராத்திரி 3 மணிக்கு அணைந்து எழுந்துகொள்கிறது என்று வையுங்கள். நீங்கள் பின் நம்பர் போட்டுத் திறக்கும்வரை, போனில் உள்ள உங்கள் சொந்த ஃபைல்கள் பூட்டப்பட்ட பெட்டிக்குள் இருக்கும். அந்த நிலையிலும் அலாரம் அடிக்க வேண்டும் என்பதற்காகவே 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-ல் ‘டைரக்ட் பூட்’ என்ற ஏற்பாட்டை கூகுள் கொண்டுவந்தது. அதனால் போனின் கடிகார ஆப் அடித்துவிடும். ஆனால் உங்கள் பாட்டு பெட்டிக்குள் இருப்பதால், அடிப்பது போனின் சொந்தச் சத்தமாகத்தான் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குத் தக்கபடி எழுதப்படாத தேர்ட் பார்ட்டி அலாரம் ஆப்கள் அடிக்காமலேயே போகலாம். முக்கியமான நாளுக்கு முந்தைய இரவு அப்டேட் கேட்டால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுங்கள்.

சரி, எந்தச் சத்தம் வைப்பது?

தூங்கி எழுந்ததும் சில நிமிடங்களுக்கு மூளை மந்தமாக இருக்குமே, அதை ஸ்லீப் இனர்ஷியா என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், மெல்லிசைத் தன்மை உள்ள அலாரம் வைத்திருந்தவர்கள் இந்த மந்தம் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் கலந்துகொண்டவர்கள் 50 பேர்தான். அதுவும் அவர்களே சொன்ன பதில்கள். அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முயன்று பார்க்க ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முணுமுணுக்கக்கூடிய மெட்டு உள்ள பாட்டு, வெறும் ‘பீப் பீப்’பைவிட நல்லதாக இருக்கலாம்.

எழுந்த பிறகு எப்படி இருக்கிறோம் என்பது ஒன்று. எழுவோமா என்பதே வேறு கேள்வி. இதில் தீ எச்சரிக்கைக் கருவிகள் பற்றிய ஆய்வுகள் உதவும். மெல்போர்னில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி ப்ரக் குழுவினர் செய்த ஆய்வுகளில், வழக்கமான ஸ்மோக் அலாரத்தின் 3,100 ஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தத்தைவிட, பல சுருதிகள் கலந்த 520 ஹெர்ட்ஸ் சத்தம் குழந்தைகளையும் முதியவர்களையும் காது மந்தமானவர்களையும் நன்றாக எழுப்பியது. அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதித் தொகுப்பிலும் தூங்கும் அறைகளுக்கு இந்தச் சத்தம் இடம்பிடித்தது. கீச்சென்று கத்தினால்தான் எழுவோம் என்று நாம் நினைப்பது அவ்வளவு சரியில்லை.

அதற்காக டமடம என்று பேஸ் அதிரும் பாட்டை வைக்காதீர்கள். போனின் ஸ்பீக்கர் விரல் நுனி அளவுதான். ஆழமான பேஸ் அதில் வெளியே வராது. ஹெட்போனில் நெஞ்சை அதிர வைத்த தாளம், தலையணைக்குப் பக்கத்தில் தகர டப்பாவில் தட்டுவதுபோல் கேட்கும். நடுத்தர சுருதியில் பலமாக ஒலிப்பவைதான் போனுக்குப் பொருத்தம்: மனிதக் குரல், வயலின், நாதஸ்வரம். நாதஸ்வரம் நிச்சயம் எழுப்பிவிடும். ஆனால் பக்கத்து ரூம்காரர் பந்தி எங்கே என்று கேட்டால் நாங்கள் பொறுப்பல்ல.

பாட்டு வைப்பதென்றால் அதன் தொடக்கத்தைக் கேளுங்கள். நம் சினிமா பாட்டுகளில் பாதிக்கு, பல்லவி வருவதற்குள் ஒரு நீளமான முன்னிசை உண்டு. அது தூங்க வைக்கவே செய்தது போல் இருக்கும். ஏதாவது ஒரு ஆடியோ கட்டர் ஆப்பில் முன்னிசையை வெட்டி, குரல் எடுக்கும் இடத்தில் தொடங்குங்கள். இன்னொரு விஷயம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: உயிரான பாட்டை அலாரமாக வைத்தால் மூன்றே மாதத்தில் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் வயிறு கலங்கும். கல்யாண வீட்டில் அதைப் போட்டாலும் ஆபீஸ் ஞாபகம்தான் வரும். ரொம்பப் பிடித்ததும் வேண்டாம், வெறுப்பதும் வேண்டாம். சுமாராகப் பிடித்த பாட்டே போதும். அதையும் சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், காது பழகிவிடாமல் இருக்க.

இதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. 1960-ல் ‘பிரெய்ன்’ மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பல பெயர்களை ஒலிபரப்பினார்கள். மற்றவர் பெயர்களைவிட சொந்தப் பெயருக்கு அவர்கள் அதிகம் எதிர்வினை காட்டினார்கள். தூக்கத்திலும் மூளை நம் பெயரைப் பொறுக்கி எடுக்கிறது. ஆக, ஊரில் இருக்கும் அம்மாவிடமோ அப்பாவிடமோ தங்கச்சியிடமோ சொல்லி, உங்கள் பெயரைக் கூப்பிட்டு எழுப்புவதுபோல் 20 விநாடி பேசச் சொல்லுங்கள். ‘டேய் கார்த்தி, மணி ஆறாச்சு, எந்திரி’ என்பது போதும். பெயர் முதலில் வர வேண்டும், குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஃபைலைச் சில போன்கள் அலாரம் பட்டியலில் காட்டுவதில்லை. அதனால் நேரில் இருக்கும்போது போனின் ரெக்கார்டர் ஆப்பில் பதிவு செய்வது சுலபம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இப்போது நம்மோடு இல்லாத ஒருவரின் குரல் உங்களிடம் இருந்தால், அதை அலாரமாக வைப்பதற்கு முன் யோசியுங்கள். தினமும் காலையில் எரிச்சலோடு அணைக்கப்படும் சத்தமாக அது மாறிவிடும். அந்தப் பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வைத்துவிட்டு, அலாரத்துக்கு வேறு எதையாவது வையுங்கள்.

ரூம்மேட் தூங்கும்போது?

பிஜியில் ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருவருக்குக் காலை 7 மணி கேப் என்றால், சத்தம் சண்டையில் முடியும். அலாரத்தின் சத்தத்தை ‘நன்’ அல்லது ‘சைலன்ட்’ என்று வைத்து வைப்ரேஷனை மட்டும் ஆனில் விடலாம். போன் மெத்தையில் இருந்தால் அதிர்வு பஞ்சுக்குள் போய்விடும். தலையணை உறைக்குள் வைப்பதும் வேண்டாம், சார்ஜில் இருக்கும் போன் சூடாகும். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் அல்லது பேண்டின் அதிர்வு இதற்கு எவ்வளவோ மேல். காது கேளாதவர்களுக்கு, ஆண்ட்ராய்டு 14 முதல் அலாரம் அடிக்கும்போது கேமரா ஃப்ளாஷோ திரையோ மின்னும் வசதி ஆக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கிறது.

தனி ஆப் தேவையா?

கணக்குப் போட்டால்தான் நிற்கும், பாத்ரூமில் போய்ப் படம் எடுத்தால்தான் நிற்கும் என்று விதவிதமான அலாரம் ஆப்கள் இருக்கின்றன. சிலருக்கு அவை உதவுகின்றன. வைத்துக்கொண்டால் ஆண்ட்ராய்டில் இரண்டு அனுமதியைப் பாருங்கள்: ஆப்பின் விவரப் பக்கத்தில் ‘அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்’ ஆனில் இருக்க வேண்டும், பேட்டரி பகுதியில் ‘அன்ரிஸ்ட்ரிக்டட்’ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும்.

இலவச ரிங்டோன் தருகிறோம் என்று ஏபிகே ஃபைலை இறக்கச் சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். ஒரு பாட்டுக்குத் தேவை எம்பி3 ஃபைல் மட்டும்தான். உங்கள் காண்டாக்ட்ஸும் எஸ்எம்எஸ்ஸும் அதற்கு எதற்கு? ஓடிபி வருவது அந்த எஸ்எம்எஸ்ஸில்தான்.

படுக்கும் முன் 3 நிமிட சோதனை

புதுச் சத்தம் வைத்த அன்று, 3 நிமிடம் கழித்து அடிக்கும்படி ஒரு அலாரம் வையுங்கள். போனை லாக் செய்து, ராத்திரி வழக்கமாக வைக்கும் இடத்திலேயே, வழக்கமாக வைக்கும் விதத்திலேயே வையுங்கள். ஸ்பீக்கர் போனின் அடிப்பக்கம் இருப்பதால், கம்பளிக்குள் சொருகினால் சத்தம் பாதியாகும். ஃபேனை ஓட விடுங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். போன் ஆஃப் ஆகிவிட்டால் ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் அலாரம் அடிக்காது. சார்ஜ் ஏறுகிறதா என்று ஸ்விட்சைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இறங்கும் ஸ்டேஷன் நள்ளிரவில் வந்தால், ரயில்வேயின் 139 எண்ணில் ‘டெஸ்டினேஷன் அலர்ட்’ கேட்டுப் பதிவு செய்யலாம். ஸ்டேஷன் வருவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பு போன் வரும். ஆனால் அது அலாரம் இல்லை, சாதாரண அழைப்பு. சைலன்ட்டில் போட்டுவிட்டுப் படுத்தால் கேட்காது.